வெளிநாட்டு வியாபாரிகள் கூடும் ராணுவப் பழம்பொருள் கண்காட்சிக்கு முதல் முறை போகிறவர்களுக்கு

ராணுவப் பழம்பொருள் கண்காட்சிக்கு முதல் தடவை போய்விட்டு வருகிறவர்களிடம் பேசினால் பெரும்பாலும் ஒரே புகார்தான் வரும். "நல்ல சாமானையெல்லாம் வெளிநாட்டுக்காரர்கள் அள்ளிக்கொண்டு போய்விடுகிறார்கள். மிச்சம் இருப்பதற்கும் அவர்களுக்குச் சொல்லும் விலையையே நம்மிடமும் சொல்கிறார்கள்."

இதில் பாதி உண்மை. மீதிப் பாதி நாம் எந்த விற்பனை மேசைக்கு முன்னால் நிற்கிறோம் என்பதைப் பொறுத்தது. விமானம் ஏறி வருகிறவர் கண்ணில் பட்டதையெல்லாம் வாங்குவதில்லை. குறிப்பிட்ட சில பொருள்களைத் தேடித்தான் வருகிறார். அவை எவை, இந்த ஆண்டு ஏன் அவற்றைத் தேடுகிறார் என்று தெரிந்துகொண்டால் போதும். எங்கே அவரோடு மோதினால் பணம் வீணாகும், எங்கே நிதானமாகத் தேடலாம் என்பது உங்களுக்கே பிடிபட்டுவிடும். அதை எப்படித் தெரிந்துகொள்வது என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ஒரு மாதம் முன்பே: பணத்தின் மதிப்பைப் பாருங்கள்

கண்காட்சி நடக்கும் நாட்டின் பணம் மற்ற நாட்டுப் பணத்துக்கு எதிரே எப்படி இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பழைய பதக்கத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். நேரடிச் சம்பந்தம் இருக்கிறது.

2007 நவம்பரில் ஒரு பவுண்டுக்கு 2 டாலருக்கு மேல் கிடைத்தது. 2008 ஜூலையில் ஒரு யூரோ 1.60 டாலர் வரை ஏறியது. அப்படிப்பட்ட காலத்தில் அமெரிக்கக் கண்காட்சிக்கு வரும் ஐரோப்பியருக்கு ஒவ்வொரு விலைச்சீட்டிலும் தள்ளுபடி எழுதி வைத்த மாதிரிதான். 2022 செப்டம்பரில் எல்லாம் தலைகீழானது. யூரோ ஒரு டாலருக்கும் கீழே இறங்கியது. பவுண்டு அந்த மாதம் 26ஆம் தேதி 1.03 டாலர் அருகே விழுந்தது. அப்போது டாலர் வைத்திருந்தவர்களுக்கு ஐரோப்பா மலிவாகத் தெரிந்தது. அமெரிக்காவின் லூயிவில் நகரில் ஒஹையோ வேலி மிலிட்டரி சொசைட்டி ஆண்டுதோறும் நடத்தும் 'ஷோ ஆஃப் ஷோஸ்' ஆனாலும் சரி, பெல்ஜியத்தின் சினே நகரில் கூடும் சந்தை ஆனாலும் சரி, அரங்குக்குள் எந்த மொழி அதிகம் காதில் விழுகிறது என்பதில் இந்த விகிதத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

இதற்கு எல்லாரும் சொல்லும் உதாரணம் ஜப்பானிய வாள். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்கச் சிப்பாய்கள் நினைவுப் பொருளாக ஏராளமான வாள்களை வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். ஜப்பான் பொருளாதாரம் நிமிர்ந்ததும் அந்நாட்டு வியாபாரிகள் அமெரிக்காவுக்கே போய் அவற்றைத் தேடி வாங்கத் தொடங்கினார்கள். 1985 செப்டம்பரில் நியூயார்க்கின் பிளாசா ஹோட்டலில் ஐந்து நாடுகள் டாலரின் மதிப்பைக் குறைக்க ஒப்பந்தம் செய்தன. அப்போது ஒரு டாலருக்குச் சுமார் 240 யென். 1988 வாக்கில் அது 130க்கும் கீழே வந்துவிட்டது. மூன்றே ஆண்டுகளில் ஜப்பானியரின் பணம் அமெரிக்காவில் ஏறக்குறைய இரண்டு மடங்கு வாங்கியது. 2024இல் யென் ஒரு டாலருக்கு 160ஐத் தாண்டிச் சரிந்தபோது, அதே வியாபாரிக்கு அதே மேசை எட்டாத தூரத்துக்குப் போயிருக்கும்.

ஆக, 'விலை ஏறிவிட்டது' என்று பொதுவாகச் சொல்வதில் பயனில்லை. யாருடைய பணத்துக்கு ஏறியது என்று கேளுங்கள்.

எது ஊர் திரும்புகிறது

அடுத்து, எந்த நாட்டுக்காரர் எதைத் தேடுவார் என்பது. பெரும்பாலும் அவரவர் நாட்டுப் பொருளைத்தான். சீனத்தின் சிங் பேரரசு 1882இல் ஏற்படுத்திய 'இரட்டை டிராகன்' விருதைச் சீன வாங்குபவர் தேடுவார். சோவியத் ஒன்றியம் 1991இல் கலைந்தபோது அதன் பதக்கங்கள் மூட்டை மூட்டையாக மேற்கே வந்தன. பிறகு ரஷ்யாவில் பணம் புழங்கத் தொடங்கியதும் அபூர்வமானவற்றை அவர்களே திரும்ப வாங்கினார்கள். 2022இல் உக்ரைன் போர் பெரிதானபின் ரஷ்யாமீது விதித்த தடைகளால் பணம் அனுப்புவதும் பொருள் அனுப்புவதும் சிக்கலாகி, அந்த ஓட்டமும் தடைபட்டது. அமெரிக்கப் பாராசூட் படையினரின் உடுப்பு, உபகரணங்களுக்கு ஐரோப்பாவில் பெரிய கிராக்கி. 1944இல் நேச நாட்டுப் படைகள் பிரான்ஸின் நார்மண்டிக் கடற்கரையில் தரையிறங்கியதை நினைவுகூர்ந்து அந்தக் காலச் சீருடையில் அணிவகுப்பவர்கள் அங்கே நிறைய. அதனால் 50, 75, 80 என்று முழு ஆண்டுகள் நெருங்கும்போது அந்த மேசைகளைச் சுற்றிக் கூட்டம் தெரியும்.

ஆனால் ஊர் திரும்ப வேண்டிய எல்லாமே திரும்பிவிடுவதில்லை. நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு மேசையில் ஜப்பானிய அதிகாரியின் வாள் இருந்தது. வயதான ஜப்பானிய வியாபாரி ஒருவர் வந்து நின்றதும், மேசைக்காரர் விலைச்சீட்டை மெதுவாக எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். வந்தவர் விலையே கேட்கவில்லை. அனுமதி வாங்கிக்கொண்டு, கைப்பிடியில் இருந்த சிறிய மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்தார். கைப்பிடியை உருவி, உள்ளே மறைந்திருக்கும் வாள்தண்டை விளக்குப் பக்கம் திருப்பினார். அதில் சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இல்லாத ஒரு முத்திரை. அவ்வளவுதான். கைப்பிடியை மாட்டி, ஆணியைச் செருகி, தலை குனிந்து நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார்.

அந்த முத்திரை, வாள் மரபு முறையில் அடித்துச் செய்ததில்லை, போர்க்காலத்தில் மொத்தமாகத் தயாரானது என்பதற்கான அடையாளம். ஜப்பானின் சட்டப்படி மரபு முறையில் செய்த வாளைத்தான் கலைப்பொருளாகப் பதிவு செய்ய முடியும். மற்றதை ஊருக்குக் கொண்டுபோகவே முடியாது. அவரைப் பொறுத்தவரை அந்த வாளுக்கு விலையே கிடையாது. அதே வாள், இரண்டாம் உலகப் போர்ப் பொருள்களைச் சேர்க்கும் ஒருவருக்கு நேர்மையான, அழகான ஒரு சரித்திரச் சாட்சி. மேசைக்காரர் மட்டும் 'வெளிநாட்டு விலை'யை மனதில் வைத்துக்கொண்டு மாலை வரை யாருக்கும் இறங்கி வரவில்லை.

புதியவர்கள் இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். விலையை ஏற்றுவது வெளிநாட்டு வாங்குபவர் மட்டும் இல்லை. அவர் வருவார் என்ற எதிர்பார்ப்பும் ஏற்றும். அவர் நிஜமாகவே வாங்கும் பொருளில் ஏறிய விலை நிலைக்கும். அவர் தொடாத பொருளில் ஏறிய விலை, பொறுமையாக இருந்தால், இறங்கும்.

ஒரே ஒரு துறையை எடுத்துக்கொள்ளுங்கள்

மூன்று மாதம் ஒரே விஷயத்தைப் படியுங்கள். 'முதல் உலகப் போர்' என்பது துறை ஆகாது, அது கடல். ஒரு படைப்பிரிவின் தொப்பிச் சின்னங்கள், ஒரு நாட்டின் துப்பாக்கிமுனைக் கத்திகள், ஒரு வகை ஹெல்மெட் என்று குறுக்குங்கள்.

தொடங்குகிறவர்களுக்கு நான் பரிந்துரைப்பது, பெயர் பொறித்த பிரிட்டிஷ் முதல் உலகப் போர்ப் பதக்கங்கள். வெள்ளியில் செய்த பிரிட்டிஷ் போர்ப் பதக்கத்தின் விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். வாங்கியவரின் எண், பதவி, பெயர், பிரிவு எல்லாம் பொறித்திருக்கும். ஏறக்குறைய 65 லட்சம் வழங்கப்பட்டவை என்பதால் சாதாரணச் சிப்பாயின் பதக்கத்துக்காக யாரும் விமானம் ஏறி வரமாட்டார்கள். ஆனால் அந்த ஒரு வரி எழுத்தை வைத்து ஆவணக் காப்பகத்தில் ஒரு மனிதரின் வாழ்க்கையையே தேடி எடுக்கலாம். 1980 ஜனவரியில் வெள்ளி விலை ஒரு அவுன்ஸ் 50 டாலரை நெருங்கியபோது இவற்றில் ஏராளமானவை உலோகத்துக்காக உருக்கப்பட்டன. எத்தனை பெயர்கள் அப்படிக் கரைந்துபோயின என்று நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறுவதில்லை. மிஞ்சியதில் ஒன்று கையில் வந்தால் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

எதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்? நாஜி ஜெர்மனிப் பொருள்களை. உலகம் முழுவதிலும் வாங்குபவர்கள் இருப்பதால் விலை உச்சத்தில் இருக்கும், போலியும் அங்கேதான் மலிந்து கிடக்கும். அந்தச் சின்னத்துக்குப் பின்னால் இருக்கும் கொடுமையை உணராமல் தொடக் கூடாத துறையும் அதுதான். அனுபவமுள்ள சேகரிப்பாளர்களே அங்கே பணத்தை இழக்கிறார்கள்.

பையில் என்ன இருக்க வேண்டும்

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், சின்னக் காந்தம், புற ஊதா டார்ச், அளவு நாடா, மெல்லிய பருத்திக் கையுறை, ஒரு நோட்டு. ரொக்கத்தைத் தனித்தனி உறைகளில் வையுங்கள். காரணம் பின்னால் வருகிறது.

மேசையில் ஒரு பொருளை எடுக்கும்போது

கேட்டுவிட்டுத் தொடுங்கள். வாளின் உலோகத்தை வெறும் விரலால் தொட்டால் வியர்வை பட்டு துரு பிடிக்கும். பதக்கத்தை விளிம்பில் பிடியுங்கள், ரிப்பனில் பிடித்துத் தூக்கக் கூடாது.

துணியாக இருந்தால், மேசைக்கு அடியில் நிழலில் வைத்துப் புற ஊதா டார்ச் அடிக்கலாமா என்று கேளுங்கள். பளீர் என்று நீலவெள்ளையில் ஒளிர்ந்தால் எச்சரிக்கையாக இருங்கள். துணியை வெண்மையாகக் காட்டும் ரசாயனங்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் பரவலாயின. ஆனால் இது ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். நிஜமான சட்டையை யாராவது இந்தக் காலத்துச் சலவைத்தூளில் துவைத்திருந்தாலும் ஒளிரும். ஒளிராத போலியும் உண்டு. தையல் நூலைத் தனியாகப் பாருங்கள். துணி மங்கலாக இருந்து, சின்னம் தைத்த நூல் மட்டும் மின்னினால், அந்தச் சின்னம் பிறகு தைத்ததாக இருக்கலாம்.

1939ஆம் ஆண்டு வகை ஜெர்மன் இரும்புச் சிலுவை என்ற ராணுவப் பதக்கம் அசலாக இருந்தால் பெரும்பாலும் மூன்று பாகங்களால் ஆனது. நடுவே கறுப்பு இரும்பு, அதை இருபுறமும் மூடி ஒட்டவைத்த இரண்டு வெள்ளிச் சட்டங்கள். ஒரே வார்ப்பாக இருந்தால் கீழே வையுங்கள். காந்தம் ஒட்டவில்லை என்றால் கேள்வி கேளுங்கள். ஆனால் அந்தக் காலத்திலேயே இரும்பில்லாத நடுப்பாகத்தோடும் சில வந்தன என்பதை மறக்காதீர்கள்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்கள் அணிந்த எம்1 ஹெல்மெட் இன்னும் சுவாரஸ்யம். மெக்கார்ட், ஷ்லூட்டர் என்ற இரண்டு நிறுவனங்கள் போர்க்காலத்தில் இதை 2 கோடிக்கும் மேல் தயாரித்தன. அதனால் ஹெல்மெட் கிடைப்பது கஷ்டமில்லை, சொல்லப்படும் கதைக்குப் பொருந்தும் ஹெல்மெட் கிடைப்பதுதான் கஷ்டம். தலைகீழாகத் திருப்புங்கள். விளிம்பைச் சுற்றிய உலோகப் பட்டையின் இணைப்பு முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா? 1944 பிற்பகுதியில்தான் அது பின்னுக்குப் போனது. தாடைப் பட்டை மாட்டும் வளையம் அசையாமல் பற்றவைத்ததா, அசையக்கூடியதா? அசையும் வளையம் 1943இல் வந்தது. உள்ளே முன்பக்கம் அச்சடித்த எண் இருக்கும், அதை வைத்தும் தயாரான காலத்தை ஏறக்குறையக் கணிக்கலாம். இணைப்பு பின்னால் இருக்கும் ஹெல்மெட்டைக் காட்டி, "1944 ஜூன் 6 அன்று நார்மண்டிக் கடற்கரையில் இறங்கியவர் போட்டிருந்தது" என்று ஒருவர் சொன்னால் அந்தக் கதை நிற்காது. விற்பவர் பொய் சொல்கிறார் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். அவருக்கும் யாரோ சொன்ன கதையாக இருக்கலாம். நன்றி சொல்லிவிட்டு நகருங்கள்.

பக்கத்தில் ஒரு வெளிநாட்டு வியாபாரி பொருளைச் சோதித்துக்கொண்டிருந்தால் நின்று கவனியுங்கள். எங்கே முதலில் பார்க்கிறார், எதைப் பார்த்ததும் வைத்துவிடுகிறார் என்று பாருங்கள். அவருடைய பேரத்தில் மட்டும் குறுக்கே புகக் கூடாது. அவர் பொருளைக் கையில் வைத்திருக்கும்வரை அது அவருடைய பேச்சு. கீழே வைத்துவிட்டு நகர்ந்த பிறகுதான் உங்கள் முறை.

எந்த நேரத்தில் எங்கே நிற்பது

பெரிய கண்காட்சிகளில் பொதுமக்களுக்குக் கதவு திறப்பதற்கு முன்பே ஒரு சந்தை நடந்து முடிந்திருக்கும். மேசை போட்டவர்கள் பெட்டியைப் பிரிக்கும்போதே ஒருவருக்கொருவர் விற்றுக்கொள்வார்கள். வெளிநாட்டு வியாபாரிகள் பலர் தாங்களும் ஒரு மேசை எடுப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான். காலையில் நீங்கள் உள்ளே போகும்போது ஒரே பொருள் இரண்டு கை மாறி, இரண்டு லாபம் ஏறி உட்கார்ந்திருக்கலாம்.

இதற்கு மூன்று வழி உண்டு. முன்கூட்டியே உள்ளே போகக் கூடுதல் கட்டணச் சீட்டு விற்றால் வாங்கலாம். ஏதாவது ஒரு மேசைக்காரருக்குப் பெட்டி தூக்க உதவியாகப் போகலாம், கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. இரண்டும் முடியாவிட்டால் அவசரப்படாதீர்கள். முதல் சுற்றில் எதையும் வாங்காமல், பார்த்ததை மட்டும் மேசை எண்ணோடு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பெரிய கண்காட்சியில் ஆயிரம் மேசைக்கு மேல் இருக்கும். குறிக்காவிட்டால் திரும்பப் போகும்போது மேசையையே கண்டுபிடிக்க முடியாது.

கடைசி நாள் மதியம் திரும்ப வாருங்கள். தொலைவிலிருந்து வந்தவர்கள் விமானத்தைப் பிடிக்க முன்பே கிளம்பியிருப்பார்கள். கனமான பொருள், கண்ணாடிப் பெட்டி, சட்டமிட்ட படம் இதையெல்லாம் மறுபடி கட்டி வண்டியில் ஏற்ற மேசைக்காரருக்கும் மனம் இருக்காது. காலையில் அசையாத விலை அப்போது அசையும்.

விலை பேசுவது

பேசுவதற்கு முன் ஒரு கணக்கு. ஏல நிறுவனத்தின் பழைய விலைகளை ஒப்பிட்டுப் பார்ப்பீர்கள், நல்லது. ஆனால் சுத்தியல் விழும் விலைக்கு மேல் வாங்குபவர் கட்டணம் என்று 20 முதல் 30 சதவீதம் வரை சேரும். அனுப்பும் செலவும் இறக்குமதி வரியும் தனி. கண்காட்சியில் கையில் எடுத்துப் பார்த்து, அப்போதே கொண்டுபோகும் பொருளுக்குக் கொஞ்சம் கூடுதல் கொடுப்பதில் தவறில்லை.

"நீங்கள் குறைத்துத் தர முடிந்த விலை என்ன?" என்று மரியாதையாகக் கேளுங்கள். பொருளை மட்டம் தட்டி விலை குறைக்கப் பார்க்காதீர்கள், விற்பவருக்கு அது பிடிக்காது. ஒரே மேசையில் இரண்டு மூன்று சேர்த்து எடுத்தால் தாராளமாகக் குறைப்பார்கள். பணத்தைத் தனித்தனி உறையில் வைக்கச் சொன்னது இதற்குத்தான். 'இந்தத் தொகைதான் இருக்கிறது' என்று சொல்லும்போது பை நிறையக் கட்டுக்கட்டாக மற்றது தெரியக் கூடாது.

வெளிநாட்டு வியாபாரியின் மேசையில் இன்னொரு வாய்ப்பு உண்டு. அவர் தன் ஊரில் சுலபமாகக் கிடைக்கும் பொருளை இங்கே விற்று, அந்தப் பணத்தில்தான் இங்கே வாங்க வேண்டியதை வாங்குவார். அதனால் முதல் நாளே விற்பதில் அவருக்கு ஆர்வம் இருக்கும். அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டு, உங்களிடம் இருந்தால் பண்டமாற்றாகவும் பேசலாம். பணத்தின் மதிப்பு எப்படி இருந்தாலும் பண்டமாற்றில் இரண்டு பேருக்கும் நஷ்டம் வராது.

ஒரு வேண்டுகோள். ஒரே மனிதருக்குச் சேர்ந்த பதக்கங்கள், கடிதம், புகைப்படம் எல்லாம் ஒன்றாக இருந்தால் பிரிக்கச் சொல்லாதீர்கள். நான் ஒருமுறை ஒரு மேசையில் ஒரு சிப்பாயின் முதல் உலகப் போர் வெற்றிப் பதக்கத்தைப் பார்த்தேன். அரங்கின் மறுகோடியில் அதே எண், அதே பெயரோடு அவருடைய வெள்ளிப் போர்ப் பதக்கம். காலையில் ஒரே உறையில் வந்தவை. வெள்ளியை மட்டும் ஒருவர் கேட்டதால் உறையைப் பிரித்திருக்கிறார்கள். இரண்டையும் வாங்கி ஒன்று சேர்த்தேன். கூட இருந்த கடிதங்கள் எங்கே போயின என்று கடைசிவரை தெரியவில்லை.

எல்லை தாண்டும் பொருளும் சட்டமும்

நீங்களே வெளிநாட்டுக் கண்காட்சிக்குப் போய் வாங்கினால், நீங்களும் அங்கே வெளிநாட்டு வாங்குபவர்தான். இரண்டு நாட்டுச் சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் 1898 வரை தயாரான துப்பாக்கியைப் பழம்பொருளாகக் கருதுகிறது. மற்ற நாடுகளில் கணக்கு வேறு. அமெரிக்காவின் மிக உயர்ந்த வீர விருதான மெடல் ஆஃப் ஆனரை விற்பதும் வாங்குவதும் அங்கே குற்றம். ரஷ்யாவில் சோவியத் அரசு விருதுகளை விற்கக் கூடாது. ஜெர்மனியில் நாஜிச் சின்னத்தை வெளிப்படையாகக் காட்டக் கூடாது என்பதால், அங்கே மேசைகளில் அதன்மேல் ஒட்டுத்தாள் ஒட்டியிருப்பார்கள். அதைப் பிரிக்காதீர்கள். கைப்பிடியில் தந்தம் இருந்தால் பெரும்பாலும் எல்லை தாண்டாது. பிரிட்டனின் தந்தச் சட்டம் 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்தபின் உள்நாட்டு விற்பனையே கடினமாகிவிட்டது. அமெரிக்காவுக்கு அஞ்சலில் போகும் 800 டாலருக்குக் குறைந்த பொருளுக்கு இருந்த வரிவிலக்கும் 2025 ஆகஸ்ட் 29 முதல் இல்லை.

வெடிபொருள் விஷயத்தில் விளையாடவே கூடாது. 'செயலிழந்தது' என்று விற்பவர் சொன்னாலும், முறையாக வெறுமையாக்கியது என்று சான்று இல்லாத குண்டை வாங்காதீர்கள். 2008இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில், உள்நாட்டுப் போர்க்காலப் பீரங்கிக் குண்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்த அனுபவமுள்ள சேகரிப்பாளர் ஒருவர் அது வெடித்து இறந்தார். அந்தக் குண்டுக்கு அப்போது 140 வயதுக்கு மேல். வெறுமையான கையெறி குண்டைக்கூட விமானத்தில் கைப்பையிலோ பெட்டியிலோ கொண்டுபோக அமெரிக்க விமான நிலையங்கள் அனுமதிப்பதில்லை.

சில பொருள்களை விலை கொடுத்தாவது வாங்கி உரியவரிடம் சேர்க்கலாம். ஜப்பானியச் சிப்பாய்கள் போருக்குக் கிளம்பும்போது உறவினரும் ஊராரும் கையெழுத்திட்டுக் கொடுத்த கொடிகள் இந்தக் கண்காட்சிகளில் அடிக்கடி தென்படும். அவற்றைக் குடும்பத்தாரிடம் திருப்பிச் சேர்ப்பதற்காகவே அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஓபான் சொசைட்டி என்ற அமைப்பு இயங்குகிறது. துணியெங்கும் நெருக்கி எழுதிய அந்தப் பெயர்களைப் பார்த்தால் விலை கேட்க வாய் வராது.

வாங்கிய அன்று இரவே

ரசீதில் பொருளின் விவரம், 'அசல்' என்ற சொல், தேதி, விற்றவரின் கையெழுத்து இருக்கிறதா என்று மேசையை விட்டு நகரும் முன்பே பாருங்கள். போலி என்று தெரியவந்தால் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா, எத்தனை நாளுக்குள் என்று கேட்டு அதையும் அதிலேயே எழுதி வாங்குங்கள். நல்ல வியாபாரி தயங்க மாட்டார். தயங்கினால் பணத்தை உறைக்குள்ளேயே வையுங்கள்.

அறைக்குப் போனதும் எதையும் துடைக்காதீர்கள், பளபளப்பாக்காதீர்கள். மேல்பூச்சு போனால் மதிப்பும் போகும், ஆதாரமும் போகும். நான்கு பக்கமும் படம் எடுங்கள். விற்றவர் சொன்ன கதையை, நம்பினாலும் நம்பாவிட்டாலும், அவர் சொன்ன சொற்களிலேயே ஒரு தாளில் எழுதுங்கள். யாரிடம், எந்தக் கண்காட்சியில், எந்த மேசையில் வாங்கினீர்கள் என்பதையும் சேர்த்து எழுதி, அமிலமில்லாத உறையில் போட்டுப் பொருளோடு அதே பெட்டியில் வையுங்கள். தாளைப் பென்சிலில் எழுதுவது நல்லது. மை பரவினால் துணியில் கறை ஏறும்.